மூக்கை நம்பிய தண்ணீர்

அந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் மூக்குக்காரர். மூக்கு ஒன்றும் அப்படி எடுப்பானது அல்ல. இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தது. ஆனால் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த சுத்திகரிப்பு நிலையம் அந்த மூக்கை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுச் சமையலறை, குளியலறை, கழிப்பறைத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். தொட்டிக்குள் ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். தெளிந்த தண்ணீரை வடிகட்டிக் கழிப்பறைகளுக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்பலாம். காற்று குறைந்தால் கிருமிகள் செத்து நாறும். எல்லாம் சரியாக இருந்தால் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும்.

காலையில் தொட்டி ஓரம் குனிந்து ஒரு இழுப்பு. ப்ளோயர் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பது அதிலேயே முடிவாகிவிடும். தொட்டித் தண்ணீரைப் பிடித்துவைத்து, வண்டல் எப்படிப் படிகிறது, என்ன நிறம் என்று பார்க்கக் கண்ணாடி ஜாடி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதில் அவர் ஸ்பேனர்களைப் போட்டுவைத்திருந்தார். சங்கச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எதிலும் கணக்குக் கேட்பவர். அவரே, "உங்க மூக்கு இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலை இல்லப்பா" என்று சொல்லிவிட்டார்.

இந்த மரியாதையெல்லாம் அடித்தளத்தோடு சரி. வீட்டில் கதையே வேறு. கல்யாணமான புதிதிலேயே மனைவி சட்டம் போட்டுவிட்டாள். வாசல் குழாயில் குளித்து, உடை மாற்றாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. மகள் ஓடி வந்தாலும் கையை நீட்டித் தடுத்துவிடுவார். மனைவி சொல்வது நியாயம் என்பது மற்ற யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தாலும் அது தினமும் அவரை உள்ளுக்குள் அறுத்தது.

இடையில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தி எடுத்துவிட்டுப் போனது. உடம்பு தேறி வேலைக்கு வந்த அன்று தொட்டி ஓரம் குனிந்தார். எதுவுமே வரவில்லை. துளி நாற்றம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் மூக்குக்கு என்ன ஆயிற்று என்று யோசித்திருப்பார்கள். இவருக்கோ, தண்ணீர் தேறிவிட்டது என்று தோன்றியது. மண்வாசனைகூடக் காணோமே என்று ஒரு நிமிடம் இடித்தது. இது அதற்கும் மேலான சுத்தம் போலிருக்கிறது என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். சாப்பாடு சப்பென்று இருந்தது. காய்ச்சல் விட்ட வாய் அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு சுத்தமான தண்ணீருக்கு எதற்கு அவ்வளவு காற்று? ப்ளோயர் ஓடும் நேரத்தைக் குறைத்தார். மின்சாரம் மிச்சமானதில் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்களிடம் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார்.

மூன்றாம் மாடி டீச்சர் மட்டும் ஒரு நாள் இறங்கி வந்தாள். "அண்ணே, ஃப்ளஷ் பண்ணினா ஒரு மாதிரி வாடை வருது."

"உங்க வீட்டுப் போக்குக் குழாய்ல ஏதோ அடைச்சிருக்கும்மா. நம்ம தண்ணி தங்கம்."

அவள் போய்க் குளியலறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தாள். மூக்குக்காரரே சொன்ன பிறகு தன் மூக்கை யார் நம்புவார்கள்?

அந்த நாட்களில் வீட்டுக்கும் நேராகவே போனார். "இனிமே வாசல்ல குளிக்கிற வேலையே இல்ல. நாத்தம் சுத்தமா போயிடுச்சு!" என்று மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசினார். மனைவி ஒரு நொடி நின்று பார்த்தாள். பிறகு தட்டு எடுத்து வைத்தாள்.

பக்கத்துக் குடியிருப்புக்காரர்களைச் செயலாளரே நிலையம் பார்க்கக் கூட்டி வந்தார். மூக்குக்காரர் மாப்பிள்ளை மாதிரி நின்று தொட்டி மூடியைத் திறந்தார். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு லிஃப்டைப் பார்த்து ஓடினார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பழுப்பாக இருக்க வேண்டியது கறுத்துக் கிடந்தது. மூக்கறுபட்டு நின்றார் என்பது அவர் விஷயத்தில் வெறும் பேச்சுக்குச் சொல்வது அல்ல.

ப்ளோயர் பழுது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"ஐயா, எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியலன்னு இப்பதான் புரியுது."

செயலாளர் கறுத்த தண்ணீரை எட்டிப் பார்த்தார். "மூக்கு இல்லாம இத எப்படிப்பா ஓட்டுவீங்க?"

மூக்குக்காரர் ஜாடியிலிருந்த ஸ்பேனர்களைக் கொட்டினார். கழுவி, தொட்டித் தண்ணீரைப் பிடித்து வைத்தார். "இதப் பாத்து ஓட்டலாம்யா. முதல்லேர்ந்தே இதத்தான் பாத்திருக்கணும்."

"தண்ணி தேறட்டும். அப்புறம் சங்கக் கமிட்டி என்ன சொல்லுதோ, அதான்," என்றார் செயலாளர்.

அன்று வாசல் குழாயில் சோப்பு கரையும்வரை தேய்த்துக் குளித்தார். உடை மாற்றிய பிறகும் உள்ளே போகவில்லை. மனைவி வெளியே வந்ததும் நடந்ததைச் சொன்னார். மூக்கு போய்விட்டது என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "குளிக்காம உள்ள வந்தீங்களே, அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"பாப்பாவ மடில வெச்சுக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா பேசிக்கிட்டு இருந்தீங்க. இத்தனை வருஷத்துல உங்கள அப்படிப் பாத்ததே இல்ல. எந்த வாயால சொல்றது?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப... இப்ப நாறுதா?"

அவள் கிட்டே வந்து, அவர் கழுத்தோரம் மோந்து பார்த்தாள்.

"நாறுது," என்றாள். "உள்ள வாங்க."