‘அடிபட்டதா?’ ‘இல்லை’

நான் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதிதாக வருகிறவர்களிடம், ‘கண்ணில் எப்போதாவது அடிபட்டதா?’ என்று கேட்டு எழுதுவது என் வேலை. மழுப்புகிறவர்களிடம் எரிந்து விழுவேன். என் அம்மாவின் தாளில் மட்டும், அவளைக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதினேன்.

எட்டாம் வகுப்பில் பழகிய பதில் அது. அம்மா வேலை பார்க்கும் விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் ஒருநாள், வெடித்துப் பறந்த காகிதக் குழாய் அவள் வலது கண்ணில் அடித்தது. சாயங்காலமே போர்மேன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“யாரு கேட்டாலும் கண்வலின்னு சொல்லுங்க. வெளிய தெரிஞ்சா கம்பெனிக்கு சீல் வச்சிருவாக. அம்புட்டுப் பேரு பொழப்பும் போயிரும்.”

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். பத்து நாளில் சிவப்பு வடிந்தது. சொல்லிச் சொல்லி எனக்கே அது கண்வலியாகிவிட்டது.

இத்தனை வருடம் கழித்து அந்தக் கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறியது. ஒரு வருடம் சொட்டு மருந்து விட்டும் இறங்கவில்லை. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பெரிய டாக்டர், கண்ணின் மேல் ஒரு வில்லையை வைத்து, உள்ளே ஊறும் நீர் வடிகிற மூலையைப் பார்த்தார். அது கிழிந்து உள்வாங்கியிருந்தது. வடிய வழியில்லாத நீர் நரம்பை நசுக்கியிருந்தது.

“இது பழைய அடியால வர்ற குளூக்கோமா. அபூர்வம். முதல்லயே சொல்லியிருந்தா சீக்கிரம் ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். அடிபட்டதா, இல்லையா?”

அம்மா என்னைத்தான் பார்த்தாள். “பட்டது” என்று நான்தான் சொன்னேன். அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து.

வெள்ளை விழியில் சிறு வழி திறந்து நீரை வடியவிட்டார்கள். அழுத்தம் இறங்கியது. செத்த நரம்பு பிழைக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும்தான்.

மறுநாள், அம்மாவோடு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். அவளுடைய இடது கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

“என்னக்கா ஆச்சு?”

“கண்வலி.”

“எதுல அடிபட்டுச்சு?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

“கண்வலின்னு சொல்றால்ல, விடு. தீபாவளி சீசன் நேரம்” என்றாள்.