சத்தியக் களத்தில் காட்டப்பட்டவன்

எங்கள் எல்லைக் கோட்டையின் வடக்கு வாசலில் காவல் இருக்கிறேன். பெயர் பல்லன்னா. குதிரை மிதித்துக் கால் போவதற்கு முன் தேரோட்டியாக இருந்தேன். என் தேரில் கேடயம் பிடித்தவன் ஹுல்லா. தேரோட்டியின் கண் குதிரை மேல் இருக்கும், ஈட்டிக்காரன் கண் எதிரி மேல் இருக்கும். கேடயக்காரன் கண் மட்டும் கூட நிற்கும் எங்கள் மேல் இருக்கும். அந்தக் கண்தான் போயிற்று. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஹுல்லா சத்தியத்தை மீறியவன், அதனால் தேவர்கள் கண்ணைப் பிடுங்கினார்கள் என்று சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வடக்கு மலையில் எங்கள் எதிரிகளான கஸ்கர்களின் ஊர் ஒன்றைக் கொளுத்தச் சொல்லி அரசரின் உத்தரவு. கொளுத்தினோம். காற்று திரும்பியது. எரிகிற கூரை ஒன்று சரிந்து தணலும் சாம்பலுமாக ஹுல்லாவின் முகத்தில் கொட்டியது. அப்போதும் அவன் கேடயத்தைக் கீழே போடவில்லை. அரசரின் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது கண் போனது, அவ்வளவுதான் கதை. ஓடினானா, ஒளிந்தானா, எதிரியோடு பேசினானா? ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா?

கண் போனவனுக்கு ஆயுதம் இல்லை. ஆயுதம் இல்லாதவனுக்கு நிலம் இல்லை. எங்கள் நாட்டில் படைக்காரனுக்கு அரசர் கொடுக்கும் நிலம், அவன் படைக்கு வரும் வரைக்கும்தான். ஹுல்லாவின் மகன் தத்திலி அப்போது தவழ்கிற பிள்ளை. அவன் ஈட்டி தூக்கும் வயது வரும்வரை நிலத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் ஹுல்லாவுக்கும் அவன் மனைவி முவத்திக்கும் இருந்த ஒரே கவலை. கோட்டைத் தலைவரிடம் அவனைக் கைபிடித்துக் கூட்டிப்போனவன் நான்தான்.

தலைவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"வசந்தத்துல படை சத்தியம் பண்றப்ப ஒரு குருடனையும் ஒரு செவிடனையும் முன்னால நிறுத்தணும். போன வருஷம் நின்ன குருடன் செத்துட்டான். நீ நில்லு. அதையே உன் சேவகமா எழுதிக்கிறேன். நிலம் உன் கையிலயே இருக்கட்டும்."

"நின்னா மட்டும் போதுமாய்யா?"

"நின்னா போதும். பேச வேண்டாம்."

வெளியே வந்ததும் ஹுல்லா சிரித்தான். "சும்மா நிக்கறதுக்கு நிலமாடா? கண்ணு இருந்தப்பகூட இவ்வளவு சுகமா நான் சோறு தின்னதில்ல."

சத்தியக் களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூசாரி தேன்மெழுகையும் ஆட்டுக் கொழுப்பையும் நெருப்பில் போடுவார். "சத்தியத்தை மீறுறவன் இந்த மெழுகு மாதிரி உருகட்டும்" என்பார். படை முழுவதும் "அப்படியே ஆகட்டும்" என்று ஒரே குரலில் சொல்லும். பிறகு பெண்ணுடையும் நூல் நூற்கும் கதிரும் வரும். மீறுகிறவன் ஆண்மை இழந்து இதை உடுத்தட்டும் என்பார். கடைசியாக ஹுல்லாவும், பிறவிச் செவிடன் சுவாவும். "இதோ பாருங்க, ஒரு குருடன். இதோ ஒரு செவிடன். அரசருக்குத் தீங்கு நினைக்கிறவனை சத்திய தேவர்கள் இப்படிக் குருடாக்கட்டும், செவிடாக்கட்டும், பெண்டாட்டி பிள்ளையோட அழிக்கட்டும்." அப்படியே ஆகட்டும்.

சுவா கொடுத்துவைத்தவன். தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது அவன் காதில் விழாது. சடங்கு முடிந்ததும் கிடைக்கும் பார்லி அப்பத்தையும் பீரையும் நினைத்து இளித்தபடி நிற்பான். ஹுல்லாவுக்கு ஒவ்வொரு சொல்லும் விழும்.

முதல் வருடம் எல்லாருக்கும் உண்மை தெரியும். சடங்கு முடிந்ததும் தோளில் தட்டி, "என்ன ஹுல்லா, அரசருக்கு என்ன துரோகம்டா பண்ணின?" என்று கேலி செய்தார்கள். அவனும், "உன் பங்கு பீரைக் குடிச்சேன்" என்று திருப்பிக் கொடுத்தான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். வருடா வருடம் புதுப் பையன்கள் வந்தார்கள், பழையவர்கள் மலையில் செத்தார்கள். புதியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் களத்தில் காட்டப்பட்ட குருடன்தான். முவத்தி ஊற்றுக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். கோவிலுக்கு அவள் சுட்ட அப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள், தீட்டாம்.

"அண்ணே, நெலத்தைக் காப்பாத்தினோம், ஊரைத் தொலைச்சோம்" என்றாள் ஒருநாள் என்னிடம். அடுத்த குளிர்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். தேவர்கள் அவளையும் எடுத்துக்கொண்டார்கள் என்று ஊர் முணுமுணுத்தது.

தத்திலி வளர்ந்தான். முரடன், நல்ல முரடன். துரோகி மகனே என்று கூப்பிட்டவன் பல்லை உடைத்துவிட்டு இரத்தக் கையோடு வந்து அப்பன் முன் நின்றான்.

"நெசமாவே நீ மீறினியாப்பா?"

"இல்லடா. பல்லன்னாவைக் கேளு."

கேட்டான். கூரை விழுந்த கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவன் தலை நிமிர்ந்து நடந்தான். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக வேண்டுமென்றே மெதுவாகப் போவான். ஹுல்லாவின் முகத்தில் அந்த நாட்களில் இருந்த களையை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

பிறகு தத்திலியின் பெயர் படையில் ஏறியது. அந்த வசந்தத்தில் சத்தியம் செய்தாக வேண்டும். செய்துவிட்டால் நிலம் அவனுடையது. செய்யாதவனுக்கு என்ன தண்டனை என்று எல்லாருக்கும் தெரியும், கண்ணைப் பிடுங்குவார்கள்.

களத்துக்கு ஹுல்லாவை எப்போதும் போல நான்தான் கூட்டிப்போனேன். மெழுகு உருகியது. அப்படியே ஆகட்டும். பெண்ணுடை வந்தது. அப்படியே ஆகட்டும். கூட்டத்துக்குள் மகன் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டு ஹுல்லாவின் விரல்கள் என் கையில் இறுகின. சந்தோஷம்தான். பிறகு எங்களை முன்னால் நிறுத்தினார்கள். இதோ பாருங்க, ஒரு குருடன்.

அப்படியே ஆகட்டும் என்று படை சொன்னது. ஹுல்லா அதிர்ந்து போனான். "அவன் சொல்லலடா" என்றான் என் காதில். "என் புள்ள சொல்லல."

தலைவரும் கவனித்துவிட்டார். வரிசைக்குள் போய் தத்திலியின் எதிரே நின்றார்.

"வாய் என்ன ஆச்சு?"

"மத்ததெல்லாம் சொல்லிட்டேன்யா. இதைச் சொல்ல மாட்டேன். எங்கப்பன் மீறல. பொய்க்கு நான் ஆமாம் போட மாட்டேன்."

"சத்தியத்துல பாதியைப் பொறுக்கி எடுக்க இது சந்தை இல்ல. சொல்லு."

"மாட்டேன்யா."

தலைவரின் முகம் வெளுத்தது. அவருக்கும் விருப்பமில்லை, ஆனால் முழுப் படையும் பார்த்துக்கொண்டிருந்தது. காவலர் இருவரைக் கைகாட்டினார். தத்திலியின் கையைப் பின்னால் முறுக்கும் சத்தம் எனக்கே கேட்டது. ஹுல்லாவுக்குக் கேட்காமல் இருக்குமா?

என் கையை உதறிவிட்டு முன்னால் போனான்.

"நான் மீறினேன்" என்றான். "கஸ்கனோட பேசினேன். வழி காட்டினேன். அதனாலதான் தேவர்கள் என் கண்ணை எடுத்தாங்க. புள்ளகிட்ட மறைச்சேன். பல்லன்னாகிட்டயும் மறைச்சேன். தத்திலி, சொல்லுடா. இனிமே அது பொய் இல்ல."

நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளையின் கண் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தத்திலி அப்பனைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், அப்படியே ஆகட்டும் என்றான். உரக்கச் சொல்லச் சொன்னார்கள். உரக்கச் சொன்னான்.

"தேவர்கள் வாங்க வேண்டியதை வாங்கிட்டாங்க. நான் வாங்க எதுவும் மிச்சமில்ல" என்றார் தலைவர். அந்த மட்டும் கருணை. ஆனால் பூசாரி பெண்ணுடையை எடுத்து வந்து ஹுல்லாவின் தோளில் போர்த்தினார், கையில் கதிரைக் கொடுத்தார். யாரோ ஒருவன் சிரித்தான். சுவா அப்பம் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தான்.

மலைக்காவலுக்குக் கிளம்பிய அன்று தத்திலி என் வாசல் வழியாகத்தான் போனான். அப்பனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. தடுத்து நிறுத்தினேன்.

"உன்னைக் காப்பாத்தப் பொய் சொன்னான்டா உங்கப்பன்."

"சத்திய தேவர்கள் முன்னாடி, எரியற நெருப்பு முன்னாடி, எவனாவது பொய் சொல்வானா சித்தப்பா?"

"பெத்தவன் சொல்வான்."

"அவரு உங்களையும்தான் ஏமாத்திட்டாரு. பாவம் நீங்க." என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. தேவர்கள் முன் பொய் சொல்வது என்பது எங்கள் யாருக்கும் எண்ணத்திலும் வராத காரியம்.

அறுவடை சமயம் கஸ்கர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். காவல் அரணில் ஒருவரும் மிஞ்சவில்லை. தத்திலியின் மேலாடை மட்டும் வந்தது. அதை ஹுல்லாவின் மடியில் வைத்தபோது நான்தான் அழுதேன். அவன் துணியை விரலால் தடவித் தடவி, கிழிந்த இடத்தில் நிறுத்தினான்.

"பெண்டாட்டி பிள்ளையோட அழிக்கட்டும்னு சொல்வாங்கல்ல" என்றான். "இத்தனை வருஷம் அது என்னைப் பத்தின பேச்சு இல்லன்னு நின்னேன். அன்னைக்கு தேவர்கள் முன்னாடி பொய் சொன்னேன் பாரு, அப்பதான் மீறினேன். நானே கொன்னுட்டேன்டா அவனை."

"மடையன் மாதிரிப் பேசாத. கஸ்கன் கொன்னான்."

"கஸ்கனை யாரு அனுப்பினா?"

இரவல் வாங்கிய பழியை அவன் சொந்தமாக்கிக்கொண்டான், நான் எவ்வளவு பேசியும் திருப்பித் தர மறுத்தான். நிலம் தெற்கிலிருந்து குடியேற்றப்பட்ட ஒரு ஈட்டிக்காரனுக்குப் போனது. ஹுல்லா என் வாசற்புறக் குடிசைக்கு வந்து சேர்ந்தான்.

மறுபடி வசந்தம் வந்தது. ஆள் அனுப்பினார்கள். காப்பாற்ற நிலமும் இல்லை, பிள்ளையும் இல்லை, போகாதே என்றேன். அவனே எழுந்து, பெண்ணுடையைத் தடவி எடுத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினான். கூட்டிப்போனேன்.

பூசாரி அதே சொற்களைச் சொன்னார். இதோ பாருங்க, ஒரு குருடன். படை வாய் திறப்பதற்கு முன்பே என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. பேச வேண்டாம் என்று சொல்லி நிறுத்தப்பட்டவன், அத்தனை வருடமும் பேசாமல் நின்றவன், எல்லாருக்கும் முந்திக்கொண்டு சொன்னான்.

"அப்படியே ஆகட்டும்."