பொத்தானைப் பிடிக்க ஓர் ஆள்

நாற்பத்தொன்பது வயதில் எனக்குப் பரீட்சை வைத்தார்கள். மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வந்த முதல்வர், விடுமுறை முடிந்ததும் நெட்வொர்க்கை என் கையாலேயே அமைத்துக் காட்ட வேண்டும் என்றார். முடியாவிட்டால் விடுதிச் சமையல்கூடத்தில் அரிசி மூட்டை எண்ணும் வேலை. எந்தப் பெட்டி மக்கர் செய்தாலும் அணைத்துப் போட்டே இத்தனை வருடம் ஓட்டியவன் நான். ஆரஞ்சு விளக்கு எரிந்தாலே கை சுவிட்சுக்குப் போய்விடும்.

வீட்டில் வைத்துப் பழகலாம் என்று திண்டிவனத்தில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். நாற்பத்தெட்டுத் துளை வைத்த நெட்வொர்க் பெட்டி ஒன்று பளபளத்தது. ஆசையாகத் தடவிப் பார்த்தேன்.

"அது எதுக்கு சார்? வூட்ல எத்தினி பேரு?" என்றார் கடைக்காரர்.

"நான் ஒருத்தன்தான்."

"அப்போ நாப்பத்தெட்டு ஓட்டையில இன்னா சொருவப் போறீங்க? பழவறதுக்குப் பழசா, சின்னதா ரெண்டு எடுங்க. ஒண்ணை மட்டும் தூக்கிக்கினு போனா அது யாருகூட பேசும்?"

நியாயமான கேள்வி. மகளின் பிரசவத்துக்கு ஓசூர் போன மனைவி மூன்று மாதத்தில் வருகிறேன் என்றாள். பேரனுக்கு நான்கு பல் முளைத்துவிட்டது. அன்றைக்குக் கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் நான் வாய்விட்டுப் பேசியது குக்கரோடுதான்.

இரண்டு எடுத்தேன். துளை துளையாகக் கேபிளைச் செருகிப் பச்சை விளக்கு வருகிறதா என்று பார்த்தேன். மடிக்கணினியிலிருந்து பெட்டிக்குள் நுழைய வேண்டிய நீலக் கேபிளையும் கேட்டு வாங்கினேன். ஒன்றின் பின்பக்க மின்செருகி ஆட்டம் கண்டிருந்தது. அதற்கு டேப் சுற்றி, விலையைக் குறைத்தார்.

"இதைப் புடுங்கிப் புடுங்கிச் சொருவாதீங்க. சுவத்து சுச்சிலயே போட்டு நிறுத்துங்க. ஃபேன் சத்தம் பேஜாரா இருக்கும், அப்பால வந்து சண்டை போடக்கூடாது."

விழுப்புரம் பஸ்ஸில் நடத்துநர் என் மடியைப் பார்த்தார். "இன்னா சார், டிவிடி பிளேயரா? இன்னுமா படம் பாத்துக்கினு இருக்கீங்க?"

வீட்டில் போட்டதும் மாவு மில் போல இரைந்தது. டேப் சுற்றிய பெட்டி, பழைய முதலாளியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அதை நீக்க, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போதே மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்கு மாறியதும் விட வேண்டும். பிடுங்கிச் செருகக் கூடாது என்பதால் சுவிட்சில்தான் போட வேண்டும், இங்கேதான் மாட்டினேன். கனத்த பிளக் நுழையும் ஒரே இடம் கூடத்தில் ஒரு சுவரில். அதன் சுவிட்ச் எதிர்ச்சுவரில், வாசலருகே. வயரிங் செய்தவர், இந்த வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

பொத்தான்மேல் புளியங்கொட்டையை வைத்து டேப் ஒட்டி, சுவிட்சைப் போட்டு ஓடிவந்தேன். பிய்ப்பதற்குள் நேரம் தவறியது. ஒட்டடைக் கம்பால் சுவிட்சை எட்டப் பார்த்தேன். காலண்டர் விழுந்தது. கண்ணை மூடினால் அரிசி மூட்டைகள். போனில் மனைவி சொன்னாள்: "பக்கத்து வூட்ல கூப்பிடுங்களேன்." எட்டு மாதமாகத் தலையாட்டியதோடு சரி, எப்படிக் கூப்பிடுவது?

மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவே வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, அக்கா வந்துட்டாங்களா? மூணு நாளா மிக்ஸி ஓடிக்கினே இருக்குதே."

"அக்கா வரலம்மா. வந்தது இதுதான்." பெட்டியைக் காட்டினேன். "இந்தப் பொத்தானைக் கொஞ்சம் புடிச்சிக்கிறியா?"

"வெடிக்காதே?"

"வெடிச்சா எனக்கு வேலை மிச்சம்."

அவர் பிடித்தார். நான் வாசலருகே போய்ச் சுவிட்சைப் போட்டேன். "மாறிடுச்சிண்ணே!" என்று கத்தினார். பெட்டி திறந்துகொண்டது. எனக்குக் கண் கலங்கியது. மல்லாட்டையில் உப்பு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"இதுக்கா மூணு நாளு? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸு வாங்கியிருந்தா முடிஞ்சிருக்குமே."

எங்களிடம் இருந்த ஒன்றும் பேரனின் பால்புட்டி சூடாக்கும் கருவியோடு ஓசூர் போயிருந்தது. கடையில் இன்னொன்று விற்பார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. விடுமுறை முழுவதும் இரண்டு பெட்டிகளையும் ஒன்றோடொன்று பேச வைத்தேன்.

பரீட்சையன்று முதல்வர் கடவுச்சொல் தெரியாமல் பூட்டிக் கிடந்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "ஐயா, இந்தப் பொத்தானைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றேன். கல்லூரியே அவருக்குப் பயப்படுகிறது. மனிதர் குனிந்து பிடித்துக்கொண்டார். மூன்று கணினிகளை இணைத்துக் காட்டினேன். அரிசி மூட்டைகள் தப்பின. அங்கே பிளக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, தனியாகவே செய்திருக்கலாம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

இனிப் பழக ஒன்றும் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வந்ததும் இரண்டையும் போட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறேன். யாராவது கேட்டால் பயிற்சி என்று சொல்லலாம். மிக்ஸி இல்லை என்று தெரிந்துவிட்டதால், யாரும் வந்து கேட்பதில்லை.