தேன் ஒட்டிய விரலால் அடித்தது

பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் வார்ப்படத் தொழிற்சாலையில் இது ஊரறிந்த விஷயம். மேனேஜர் கூப்பிட்டால், "மாமே, தண்ணி குட்ச்சிட்டுப் போ" என்று சொம்பை நீட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, உலைப்புகைக்கு ஈடாக ஏதாவது ஒரு பழங்காட்டை வெட்டவிடாமல் காக்கப் பணம் கட்டச் சொன்னது. "இங்க வுடற பொகைக்கு அங்க நிக்கிற மரம் இன்னா பண்ணும்?" என்று கேட்ட ஃபோர்மேனுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். எனக்கே புரியவில்லை என்பது வேறு கதை.

வால்பாறைக்கு மேலே ஒரு மழைக்காடு அமைந்தது. தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கும் பணத்தில் பங்கு என்றார்கள். அவர்கள் சார்பில் கையெழுத்துப் போட, என் வயதுக்காரர் ஒருவர் பாட்டில் நிறையத் தேனோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். "அடையில பாதிய ஈக்கு விட்டுட்டுத்தான் எடுப்போம் சார். இல்லேன்னா அடுத்த வருசம் பாறைக்கு வராது."

ஆங்கிலப் படிவம். டைப்ரைட்டரில் அடிப்பவன் நான். அதில் ஒரு கேள்வி: காட்டிலிருந்து யாராவது எதையாவது எடுக்கிறார்களா? தேன், குங்கிலியம், கிழங்கு என்று அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "எடுக்கிறாங்கன்னு போட்டா வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிடுவான். அப்புறம் ஆர்டரும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே."

விக்கலோடு திரும்பினேன். பாவம் என்று அந்த மனிதர் என் உள்ளங்கையில் தேனை ஊற்றினார். நக்கிக்கொண்டே, பிசுபிசுத்த விரலால், 'எதுவும் எடுப்பதில்லை' என்று மாற்றி அடித்தேன். விக்கல் நின்றுவிட்டது. தேனின் மகிமை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன்.

"சொன்னபடி எழுதிட்டீங்களா சார்?"

"எல்லாம் கரீட்டா கீது அண்ணாத்தே."

கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடம் கழித்து, திருமழிசையில் ஒரு கம்பெனி வாசலில், தொளதொள வாட்ச்மேன் சட்டையில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் சிரித்தார்.

"காடு நல்லா இருக்கு சார். எங்களைத்தான் உள்ள விடறதில்ல. தேன் எடுத்தா திருட்டுங்கிறாங்க. நாங்க எதுவும் எடுக்கிறதில்லைன்னு நானே கையெழுத்து போட்டிருக்கேனாம். எங்க ஆளுங்க என் மூஞ்சியிலகூட முழிக்கிறதில்ல. நீங்கதானே எழுதினீங்க, அது எப்படி சார்?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது.

"அன்னைக்கும் இதே விக்கல்தான்" என்று உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "தேன் இல்ல சார் இப்ப."

குடித்தேன். பூந்தமல்லி பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். தப்பு என்னுடையது என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் அடித்தேன். அடிப்பதில் நான் கெட்டிக்காரன். தபாலில்தான் சேர்க்கவில்லை.