பதினோராயிரம் கிளிகள்

அந்தக் கால்நடை மருத்துவமனையில் அவரை எல்லோரும் கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். "கம்ப்யூட்டர் இன்னும் வரலையா?", "கம்ப்யூட்டருக்குத் தலைவலியாம், மதியம் லீவு" என்கிற பேச்செல்லாம் அங்கே சகஜம். மருந்து அலமாரிக்கும் பூனைக் கூண்டுகளுக்கும் நடுவே ஒரு குட்டி அறை. ஒரு மேசை, இரண்டு திரை, பதினான்கு வருடமாக அவர். எந்தப் பிராணிக்கு எப்போது ஊசி, எந்த நாய்க்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவமனைக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கட்டிய டேட்டாபேஸில்தான் இருந்தது.

கட்டிய விதம் அவருடைய சொந்தப் பாணி. ஒரு அட்டவணைக்குப் பெயர் 'புதுசு'. அடுத்ததற்கு 'புதுசு2'. அதற்கடுத்தது 'புதுசு2_கடைசி'. கடைசிக்குப் பிறகும் இரண்டு வந்தன. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸிலேயே நேராகக் கைவைப்பார். ஒத்திகை கித்திகையெல்லாம் கிடையாது. யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாததா?" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் கிளியைப் புறா என்று பதிந்துவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சத்தம் போட்டார். வரவேற்பில் இருந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு புறாவக் கிளியாக்கணும்."

"ஒரு நிமிஷம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிராணியின் வகையைக் கிளி என்று மாற்றச் சொல்லி எழுதினார். எந்தப் பிராணிக்கு என்கிற நிபந்தனையை மட்டும் எழுத மறந்தார். தட்டினார். டீ குடிக்கக் கிளம்பினார்.

மருத்துவமனையில் பதிவாகியிருந்த பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிராணிகளும் கிளியாகிவிட்டன.

முதலில் கண்டுபிடித்தவர் பெரிய டாக்டர். அறுபத்திரண்டு கிலோ எடையுள்ள கிளி ஒன்று பல் சுத்தம் செய்ய வந்திருப்பதாகத் திரை சொன்னது. டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தால், கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. அதற்குள் தானாகப் போகும் நினைவூட்டல் செய்திகளும் கிளம்பிவிட்டன. 'தங்கள் கிளிக்கு நாளை குளம்பு சீவும் நாள்.' தொலைபேசி ஓயவில்லை.

"பேக்கப் இருக்குல்ல?" என்றார் பெரிய டாக்டர்.

"தினமும் எடுக்குது டாக்டர்."

எடுக்கத்தான் செய்தது. ஆனால் அதை வைக்கும் டிஸ்க் எட்டு மாதத்துக்கு முன்பே நிரம்பிவிட்டிருந்தது. சரி, எட்டு மாதப் பழையதாவது ஆகட்டும் என்று திறந்தார். பாதி வரை வந்து நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் எடுத்து வைத்ததை ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. யாருக்கும் என்றால், அவருக்கு.

இனம் என்ற பத்தி தப்பித்ததால் ஓரளவு பிழைத்தார்கள். லாப்ரடார் கிளி என்றால் நாய். மீதிக்கு, வரவேற்புப் பெண் இரண்டு வாரம் தொலைபேசியும் கையுமாக இருந்தாள். "வணக்கம், உங்க வீட்ல இருக்கறது என்னதுங்க? இல்லீங்க, கிண்டல் பண்ணல. ஐயோ, மாமியாரக் கேக்கலீங்க, பிராணியக் கேக்கறேன்."

வீட்டில் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.

"கண்ணாடியப் பாக்காம ரிவர்ஸ் எடுத்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, தன் இயர்போனை அவர் கையில் திணித்தாள். "என்கிட்ட வண்டி கத்துக்கற ஒரு பொண்ணுக்கும் உங்க தொழில்தான். இதப் பத்தியே பேசற பாட்காஸ்ட் இருக்காம். பஸ்ல சும்மாதானே போறீங்க, கேளுங்களேன்."

"எனக்குப் பதினாலு வருஷ அனுபவம். ரேடியோ கேட்டா கத்துக்கணும்?"

"ஒரே வருஷத்தப் பதினாலு தடவ ஓட்டியிருக்கீங்க."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பஸ்ஸில் காதில் மாட்டினார். ஐம்பது நிமிடப் பயணம். பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் வாக்கியத்துக்கு ஒரு தடவை இருமுவார். கூடப் பேசும் பெண்மணி எதற்கெடுத்தாலும் சிரிப்பார்.

"ஒண்ண மாத்தறதுக்கு முன்னாடி," இருமல், "அதே நிபந்தனைய வச்சு எடுத்துப் பாருங்க. எத்தன வரி வருதுன்னு எண்ணுங்க. ஒண்ணு வரணும்னா ஒண்ணுதான் வரணும்."

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா!" என்று அவர் வாய்விட்டுக் கத்திவிட்டார். பக்கத்து இருக்கைக்காரர் பையை எடுத்துக்கொண்டு நின்றபடியே பயணம் செய்தார்.

அதன் பிறகு விடவில்லை. மாற்றத்தை உறுதி செய்கிற வரை திரும்பப் பெற வழி வைத்துக்கொள்வது, நிஜத்தில் கைவைக்காமல் நகலில் பழகுவது என்று தினம் ஒன்று கேட்டார். அட்டவணைக்கு 'புதுசு' என்று பெயர் வைக்கிறவர்களைப் பற்றிப் பேசி அந்தப் பெண்மணி ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தபோது, பஸ்ஸில் யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று மெல்லத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டிலும் தொற்றிக்கொண்டது. பழைய துணியைக் கழித்துக்கட்ட மனைவி மூட்டை கட்டினால், அவிழ்த்து வரிசையாகப் படுக்கையில் பரப்பி எண்ணினார்.

"கிழிஞ்ச சட்டைய வெளிய போட எதுக்குங்க இத்தன ஆராய்ச்சி?"

"பத்தொன்பது இருக்கணும். இருபத்தொண்ணு வருது."

பார்த்தால், அவளுடைய புது மேல்சட்டை இரண்டு உள்ளே கிடந்தன. அவள் இரண்டையும் உருவிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், செத்துப்போன பூனைக்கு ஊசி போட வரச் சொல்லி நினைவூட்டல் போய், அதை வளர்த்த அம்மாள் வரவேற்பில் வந்து அழுதுவிட்டார். பெரிய டாக்டர் நேரே வந்து கம்ப்யூட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"செத்ததெல்லாத்தையும் பட்டியல்லேருந்து எடுத்துடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

இறந்த தேதி இன்றைக்கு முன்பாக உள்ளவற்றை நீக்கச் சொல்லி எழுதினார். விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. எழுதியதை அழித்துவிட்டு, முதலில் எண்ணிக்கை கேட்டார். நாலாயிரத்து இருநூற்று எட்டு.

"டாக்டர், இதுவரைக்கும் எத்தன செத்திருக்கும்?"

"அறுநூறு இருந்தா அதிகம். தட்டுப்பா, உள்ள ஒரு கன்னுக்குட்டி மயக்கத்துல கெடக்கு."

"தட்ட மாட்டேன் டாக்டர்."

பதினான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது. வந்த வேகத்தில் அவருக்கே பயமாக இருந்தது. பட்டியலைத் திறந்தார். பதினோராம் வரியில் பெரிய டாக்டரின் சொந்தப் பூனை. அது அப்போது பிரிண்டரின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பதிவின்படி அது செத்த தேதி ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு ஜனவரி ஒன்று.

"எந்த முட்டாள் இப்படி எழுதி வச்சது?"

முன்னால் இருந்தவர் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை.

"நான்தான் டாக்டர். ஆரம்ப வருஷங்கள்ல, தேதி இல்லாத எடத்தக் காலியா விட மனசு வரல. அதனால அதப் போட்டு நிரப்பினேன்."

டாக்டர் பூனையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"எத டாக்டர்? தப்பையா, தட்டாம நிறுத்தினதையா?"

"நிறுத்தினத."

"பஸ்ல."

அந்த வாரமே, நகல் வைத்துப் பழக ஒரு பழைய இயந்திரமும் பேக்கப் எடுக்க ஒரு பெரிய டிஸ்க்கும் அவர் அறைக்கு வந்தன. வெள்ளிக்கிழமைதோறும் பேக்கப்பை எடுத்து அந்தப் பழைய இயந்திரத்தில் திருப்பிப் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார். முதல் வெள்ளி பாதியில் நின்றது. இரண்டாவது வெள்ளி பிராணிகள் வந்தன, வளர்ப்பவர்கள் வரவில்லை. மூன்றாவது வெள்ளி காலை பதினொன்றே முக்காலுக்குக் கடைசி வரி வரை வந்து நின்று, எண்ணிக்கையும் ஒத்துப்போனது. படி ஏறி ஓடினார். பெரிய டாக்டர் ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு!"

"எங்க போயிருந்துச்சு?"

"எங்கயும் போகல."

"போகாதது வந்ததுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்த?"

"ஆமா டாக்டர்."

"சரி, வந்ததுதான் வந்த, பின்னங்கால இறுக்கிப் பிடி" என்றார் டாக்டர். ஆடு உதைத்தது. கம்ப்யூட்டர் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்.