ஷூவோடு துரத்திய அம்மா

எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, ஆசிரியர்கள் குழு ஒன்றோடு சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அதே குழுவில் என் மனைவியின் சித்தப்பாவும் இருந்தார். எனக்கு மாமா முறை, அவரும் வாத்தியார்தான். எந்தச் சேதியும் அவர் வாயில் ஒரு நாள் தங்காது. ஊர் திரும்பும்வரை பேர் கெடாமல் இருக்க வேண்டுமே என்ற பயத்தோடுதான் விமானம் ஏறினேன்.

அப்போது சோவியத்தின் பகுதியாக இருந்த லாத்வியாவில் ஒரு பழைய கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். கோட்டைக்குள்ளேயே அரண்மனை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் கம்பளிச் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. தரை கீறாமல் இருக்க, அவற்றை நம் ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளர் இதைச் சொன்னபோது நான் கூரை ஓவியத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் எல்லோரும் குனிந்து காலில் என்னவோ செய்துகொண்டிருந்தார்கள். கழற்றுகிறார்கள் என்று நினைத்தேன். ராஜகோபுர வாசல் பழக்கம் விடுமா? ஷூவைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறும் சாக்ஸோடு உள்ளே போய்விட்டேன்.

இரண்டு அறை தாண்டியிருப்பேன். அரண்மனைக் காவலுக்கு இருந்த வயதான அம்மா ஒருவர், என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே வேகமாக வந்தார். இரண்டு கையிலும் ஷூ. வலது கை ஓங்கியிருந்தது. அது என் ஷூ என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் இப்படி ஓங்கிக்கொண்டு ஒரு ஆணை நோக்கி வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு நன்றாகவே தெரியும்.

"மாப்ளே, அந்தம்மாகிட்ட என்ன பண்ணீங்க?" என்றார், மொத்தக் குழுவுக்கும் கேட்கும்படி.

ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டே நடையைக் கூட்டினேன். அந்த அம்மாவும் கூட்டினார். ஒன்றும் பண்ணாதவன் ஏன் ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஓடினேன். மெழுகு தேய்த்துப் பளபளத்த மரத்தரையில் சாக்ஸ் கால் நிற்குமா? ராஜாக்கள் நடனமாடிய மண்டபத்தில் வழுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் பயணம் செய்து, சுவரில் முட்டி நின்றேன். மானம் போயிற்று, இனி மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அந்த அம்மா மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்து, சில்லிட்டுப் போயிருந்த என் பாதங்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். ஷூவை மாட்டி, லேஸ் கட்டி, கக்கத்தில் இடுக்கி வந்திருந்த கம்பளிச் செருப்பையும் மேலே போட்டுவிட்டார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன்.

"இந்தக் குளிரில் வெறுங்காலோடு திரிகிறானே, காய்ச்சல் வந்தால் இவனை இங்கே யார் பார்ப்பார்கள் என்கிறார்."

பெரியவர் என் காலைத் தொட்டுவிட்டாரே என்று கூச்சத்தோடு கும்பிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, எழுந்து நடக்கச் சொல்லி ஜாடை காட்டினார்.

ஊருக்கு வந்த மாமா, கதையின் முதல் பாதியை மட்டும் எல்லா வீட்டிலும் சொல்லி முடித்தார். இரண்டாவது பாதியை என் மனைவி நம்புவதற்குத் தீபாவளி வந்துவிட்டது.

இப்போதெல்லாம் யாராவது கத்திக்கொண்டே என் பின்னால் வந்தால் உடனே நின்றுவிடுகிறேன். அன்றைக்கு அப்படி நிற்காமல், அந்த வயதில் அந்த அம்மாவை அத்தனை அறைகள் ஓட விட்டேனே என்பதுதான் இன்னும் என் மனதை உறுத்துகிறது.