அலை இல்லாத இடம்

1990ஆம் ஆண்டு சித்திரை மாதம். சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களில் வடகரைக் கடல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் என்னோடு படித்த நண்பன் கடற்றொழில் குடும்பத்தவன். பருத்தித்துறைப் பக்கம் இருந்த தன் ஊருக்கு ஒரு ஞாயிறு காலை என்னைச் சைக்கிளில் கூட்டிப்போனான்.

நான் இணுவில் தோட்டக்காரன் மகன். எட்டு வயதிலேயே கிணற்றுக்குள் குதித்து நீந்தப் பழகியவன். கிணற்றில், களைத்தால் சுவரைப் பிடிக்கலாம். நீர் எங்கும் போகாது.

"உடுப்பு மாத்திக்கொண்டு வாறன். அதுக்குள்ளை இறங்கிப்போடாதை," என்றான் நண்பன், என்னைக் கரையில் நிறுத்திவிட்டு.

"எங்கடை கிணத்தின்ரை அடிமண்ணை அள்ளினவனடா நான். உது எனக்கு முழங்கால் தண்ணி."

"ஓம் ஓம், பெரிய சுறா!" சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் முருகைக்கற்பார், பவளப்பாறைத் திட்டு, நீளமாகக் கிடந்தது. அதன்மேல் அலைகள் வெள்ளையாய் உடைந்தன. வள்ளங்கள் போய்வர ஓரிடத்தில் மட்டும் இடைவெளி. அங்கே நீர் மடித்துவைத்த பட்டுப்போலக் கருநீலமாய், அமைதியாய். பத்திரமான இடம் அதுதான் என்று இறங்கினேன்.

திரும்பிப் பார்த்தபோது கரை சிறுத்திருந்தது. கரையை நோக்கி நீந்தினேன், கரை பின்வாங்கியது. எனக்குக் கீழே பாசிகளெல்லாம் ஆழ்கடலை நோக்கிச் சாய்ந்து கிடந்தன. இன்னும் வேகமாக அடித்தேன். தொண்டையில் உப்பு. கைகள் தாமாகவே ஒரு சுவரைத் தேடின. அந்த நீல வெளிக்குச் சுவரே கிடையாது.

ஓடிவந்த நண்பன் அதே இடைவெளிக்குள் குதித்தான். என்னை இழுத்த நீரே அவனையும் என்னிடம் கொண்டுவந்தது.

"அடிக்காதையடா! மல்லாந்து கிட!"

"செத்துப்போவன்ரா!"

"கரைக்கு அடிச்சால்தான் சாவாய். கிட!"

கிடந்தேன். காதுகள் நீருக்குள் போனதும் பார் பேசுவது கேட்டது. ஆயிரம் பேர் இருந்து சுள்ளி முறிப்பது போன்ற சத்தம். மேலே வானம், கீழே ஆழம், நடுவில் ஒரு துரும்பு. பயம் போகவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று என்னைத் தூக்கிப் பிடித்திருந்தது.

பாரைத் தாண்டியதும் இழுவை தானாகவே கைவிட்டது.

"இப்ப பக்கத்தாலை வா. அங்கை, அலை உடையிற இடத்துக்கு."

நான் அஞ்சி விலகிய அதே இடம்! ஓர் அலைக்காகக் காத்திருந்து, "இந்தா, இதோடை போ!" என்று தள்ளினான். அது எங்களைப் பாருக்கு மேலாகத் தூக்கி உள்ளே எறிந்தது. முருகைக்கல் வயிற்றையும் முழங்காலையும் கீறியது.

மணலில் விழுந்து கிடந்தோம்.

"பாருக்கு மேலாலை வாற தண்ணி முழுக்க அந்த வாசலாலைதான் திரும்பிப் போறது. இஞ்சை சின்னப்பிள்ளையளுக்கும் தெரியும், கிணத்தாரே!"

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் வீடு சேரும்வரை அவன் என் கையை விடவில்லை.

இன்றும் புதிய கடற்கரை எதிலும் அந்த ஊர்க்காரரைக் கேட்காமல் நான் கால் நனைப்பதில்லை. என்னை இழுத்துச் சென்ற நீருக்கு என்மேல் கோபம் இருக்கவில்லை, திருப்பிக் கொண்டுவந்த அலைக்கு இரக்கமும் இருக்கவில்லை. அத்தனை பெரிய கடலில் நான் யாரென்று தெரிந்து குதித்தவன் அவன் ஒருவன்தான்.